சென்னை - ஜித்தா: 4,445 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், நடுவில் ஒரு மீக்காத்

உம்ராவுக்குக் கிளம்புகிறவர்கள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நம்மிடம் வந்து கேட்கும் கேள்விகளில் முதலாவது, "ஹழ்ரத், ஃபிளைட்ல எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். துஆக்கள், தவாஃப், ஸஃயு பற்றிய கேள்வியெல்லாம் அதற்குப் பிறகே வரும். "ஆறு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவது வழக்கம். அப்படி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னதால் சிலருக்கு இஹ்ராமிலும் நோன்பிலும் ஃபஜ்ரு தொழுகையிலும் பிசகு ஏற்பட்டதைக் கண்ட பிறகு, இதைச் சற்று விரிவாக எழுதுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் நேரடியான விடை. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 4,445 கிலோமீட்டர். கடல்மைல் கணக்கில் ஏறத்தாழ 2,400. எங்கும் நிற்காத விமானம் போகும்போது சுமார் ஆறு மணி நேரமும், திரும்பும்போது ஐந்தேகால் முதல் ஐந்தரை மணி நேரமும் எடுத்துக்கொள்ளும். கொழும்பிலிருந்து புறப்படும் சகோதரர்களுக்குத் தூரம் இன்னும் இருநூறு கிலோமீட்டர் கூடி, ஏறத்தாழ 4,650 ஆகும். இலங்கையின் கடிகாரமும் இந்தியாவின் கடிகாரமும் ஒன்றே என்பதால் கீழே வரும் நேரக் கணக்குகள் அவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

இந்த 4,445 எங்கிருந்து வருகிறது? சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 13 டிகிரியிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.2 டிகிரியிலும் இருக்கிறது. ஜித்தா விமான நிலையம் 21.7 டிகிரி வடக்கு, 39.2 டிகிரி கிழக்கு. பூமி உருண்டை என்பதால் இவ்விரு புள்ளிகளுக்கும் இடையில் மிகக் குறுகிய வழி தட்டையான வரைபடத்தில் போடும் நேர்க்கோடு அல்ல. உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல் எப்படிப் படியுமோ அந்த வழி. அந்த நூலைப் பின்தொடர்ந்து பார்த்தால் அது கர்நாடகத்தின் கார்வார் அருகே கரையை விட்டு, அரபிக் கடலின் மேல் சுமார் 1,800 கிலோமீட்டர் ஓடி, ஓமான் நாட்டின் துக்ம் துறைமுகத்துக்குத் தெற்கே மீண்டும் கரையைத் தொடும். பிறகு ருப்உல் காலீ எனும் பெரும் பாலைவனம். அதைக் கடந்து தாயிஃப் மலைகளை ஒட்டி ஜித்தாவில் போய் முடியும். விமானங்கள் இந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. அந்தந்த நாட்டு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் கொடுக்கும் பாதையில், பெரும்பாலும் இதற்கு வடக்கே தள்ளிப் பறக்கும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதுமல்ல, அந்நியமானதுமல்ல. மதரஸாவில் வக்து கணக்கும் கிப்லா திசையும் படித்தவர்களுக்கு இதன் வாடை தெரியும். அபூ ரைஹான் அல்பிரூனீ, நகரங்களின் அட்ச தீர்க்க ரேகைகளையும் அவற்றுக்கு இடையிலான தூரங்களையும் நிர்ணயிப்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கி.பி. 1025இல் முடிக்கப்பட்ட அந்த நூலில் அவர் விடை தேடிய கேள்விகளுள் ஒன்று, கஸ்னா நகரத்திலிருந்து கிப்லா எந்தத் திசையில் இருக்கிறது என்பது. விமானத்தில் நம் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் ஓடும் 'மீதமுள்ள தூரம்' என்ற எண்ணும் அதே கோள முக்கோணக் கணிதத்தின் பிள்ளைதான். கல்லூரியில் கலைப் பட்டத்துக்குப் படித்தபோது இதைத் தனிப் பாடமாகவும் மதரஸாவில் தனிப் பாடமாகவும் நாம் படித்தோம். இரண்டும் ஒன்றே என்று புரிய வெகு நாளாயிற்று.

மதீனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைபடத்தில் மதீனா வடக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால், சென்னையிலிருந்து அதற்குக் கூடுதல் நேரம் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் சுமார் 4,430 கிலோமீட்டர்தான் வருகிறது. ஜித்தாவுக்கும் மதீனாவுக்கும் நம் ஊரிலிருந்து தூரத்தில் வித்தியாசமே இல்லை எனலாம்.

துபாய் வழியாகப் போனால்? சென்னை - துபாய் சுமார் 2,930, துபாய் - ஜித்தா சுமார் 1,700. கூட்டினால் 4,630. நேர் வழியைவிட இருநூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. வானில் இது கால் மணி நேரச் சமாச்சாரம். பயணம் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று நீள்வதற்குக் காரணம் தூரமல்ல, நடுவில் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். எனவே பயணச்சீட்டு வாங்கும்போது எந்த ஊர் வழியாக என்பதைவிட அங்கே எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று பாருங்கள். அது ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் முதியவர்களை அழைத்துக்கொண்டு ஓட முடியாது. ஏழு மணி நேரமாக இருந்தால் அவர்களால் உட்கார முடியாது.

போக ஆறு, வர ஐந்தரை என்ற வித்தியாசத்துக்குக் காற்றுதான் காரணம். பூமி சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஜித்தா 'எதிரே வரும்' என்று சிலர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் பறக்கும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் அரேபியா முதல் வட இந்தியா வரை மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஆறுபோல ஓடுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை மாறும். அப்போது தென்னிந்தியாவின் மேல் உயரே கிழக்கிலிருந்து காற்று வீசும். இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1958இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அந்த மாதங்களில் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது.

பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் இன்னொரு குழப்பம். சவூதி நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரத்திலும் இறங்கும் நேரம் ஜித்தா கடிகாரத்திலும் அச்சாகியிருக்கும். பிற்பகல் 2.30க்குப் புறப்பட்டு மாலை 6.00க்கு இறங்கும் என்று பார்த்ததும் "மூன்றரை மணி நேரம்தானா!" என்று மகிழ்ந்துபோகிறார்கள். அதோடு இரண்டரையைக் கூட்டினால் ஆறு. திரும்பும் சீட்டில் நள்ளிரவு 12.30 புறப்பாடு, காலை 8.20 வருகை என்று இருந்தால் "ஏழே முக்கால் மணி நேரமா!" என்று கவலைப்படுகிறார்கள். அதில் இரண்டரையைக் கழித்தால் ஐந்து மணி இருபது நிமிடம். கீழே சொல்லப்போகும் விஷயங்களுக்கு இந்த இரண்டு பயணங்களையே, மார்ச் மூன்றாம் வாரத்தில் நடப்பதாக வைத்து, உதாரணமாகக் கொள்வோம்.

ஆறு மணி நேரம் என்பது நம் பெரியவர்களுக்கு நம்ப முடியாத கணக்கு. அவர்கள் காலத்தில் ரயிலேறி பம்பாய் போய், அங்கே முஸாபர்கானாவில் தங்கி, கப்பலேறி, கடலிலேயே ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து ஜித்தாவில் இறங்கினார்கள். இந்தியாவிலிருந்து ஹாஜிகளைக் கப்பலில் அனுப்பும் ஏற்பாடு 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அந்தப் பயணத்தில் கஷ்டம் அதிகம், ஆனால் ஒரு விஷயத்தில் நிம்மதி இருந்தது. கப்பல் யலம்லம் மீக்காத்துக்கு நேராக வருவது பல மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். குளித்து, துணி மாற்றி, இரண்டு ரக்அத் தொழுது, நிதானமாக நிய்யத் வைத்தார்கள். கப்பலில் போன பெரியவர்கள் அந்த நாளை விவரிக்கும்போது கண் கலங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். விமானப் பயணிக்கு அந்த அவகாசம் இல்லை. முழு உயரத்தில் பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் பதினான்கு கிலோமீட்டர் தாண்டிவிடும்.

மீக்காத் என்பது ஹஜ், உம்ரா நாடிச் செல்பவர் இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாத எல்லை. நஜ்து தேசத்தின் திசையிலிருந்து வருவோருக்கு கர்னுல் மனாஸிலையும், யமன் திசையிலிருந்து வருவோருக்கு யலம்லமையும் நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்தார்கள். நம் முன்னோர் கடல்வழி வந்ததால் அவர்களுக்கு யலம்லம். நம் விமானம் கிழக்கிலிருந்து பாலைவனத்தின் மேலாக வருவதால் பெரும்பாலும் கர்னுல் மனாஸில் பக்கமாகக் கடக்கிறது. இன்று அந்த இடத்துக்கு அஸ்ஸைலுல் கபீர் என்று பெயர். மேலே நாம் சொன்ன நூல் போன்ற குறுக்குவழிக் கோடு ஏறத்தாழ அதன் தலைக்கு மேலேயே போகிறது. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர். விமானம் அப்போது இறங்கத் தொடங்கிவிட்டிருக்கும். சக்கரம் தரையைத் தொடுவதற்குக் கால் மணி அல்லது இருபது நிமிடம்தான் மிச்சம்.

ஜித்தாவில் இறங்கிய பிறகு இஹ்ராம் அணிந்தால் போதும் என்று சமகால அறிஞர்களில் ஒரு சிலர் சொன்னதுண்டு. ஆனால் 1986இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வான்வழியாக மீக்காத்தைக் கடப்பவரும் அதற்கு நேராக வரும்போதே இஹ்ராமில் இருக்க வேண்டும் என்றே முடிவு செய்தது. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய நம் இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் பெரும்பாலோர் இப்படியே தீர்ப்பளிக்கிறார்கள். ஆகவே சென்னையிலேயே குளித்து, இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டு ஏறிவிடுவது நல்லது. பெண்களுக்குத் தனி உடை இல்லை. துணியைப் பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கில் போட்டுவிட்டு, மேலே போனபின் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

துணி அணிந்தால் இஹ்ராம் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மோடு வந்த குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். சென்னையிலேயே வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டார். நிய்யத்தை மீக்காத் வரும்போது வைப்பதாகச் சொல்லிவிட்டு, சாப்பாடு வந்ததும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். விமானத்தில் அரபியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வந்தது. நாம் பல வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டிருக்க வேண்டியது நம் பொறுப்பு, அதை நாம் செய்யவில்லை. சக்கரம் தரையில் இடித்த அதிர்வில்தான் அவர் விழித்தார். வரிசையில் நிற்கும்போது தல்பியா சொல்லாமல் இருப்பதைக் கண்டு விசாரித்தால், "துணி கட்டித்தானே இருக்கேன் ஹழ்ரத்?" என்றார்.

இஹ்ராம் என்பது நிய்யத். துணி அதன் ஒழுங்குகளில் ஒன்று. நிய்யத் இல்லாமல் மீக்காத்தைக் கடந்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. மீக்காத்துக்குத் திரும்பிப் போய் அங்கே நிய்யத் வைத்து வரலாம், அப்போது பரிகாரம் எதுவும் இல்லை. அல்லது இருந்த இடத்திலேயே நிய்யத் வைத்துக்கொண்டு, அதற்குப் பரிகாரமாக ஹரமின் எல்லைக்குள் ஓர் ஆட்டை அறுத்து அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவரின் மகன் ஜித்தாவில் வேலை பார்ப்பவர், விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அவர் அன்றிரவே அத்தாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் அஸ்ஸைலுல் கபீர் வரை போய், அங்கே நிய்யத் வைக்கச் செய்து மக்கா கொண்டுவந்தார். நாங்கள் உம்ராவை முடித்துத் தலை மழித்துப் படுத்த பிறகே அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மகன் இல்லாத ஊராக இருந்திருந்தால் ஆட்டுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். திரையில் 'இறங்க 45 நிமிடம்' என்று காட்டும்போது குழுவில் ஒவ்வொருவரையும் தொட்டு எழுப்பி நிய்யத் வைக்கச் செய்துவிடுவது. திரை இல்லாத விமானம் என்றால், சென்னையில் தரையை விட்டு எழும்பி நாலே முக்கால் மணி நேரம் ஆனதும் வைத்துவிடுவது. மீக்காத்துக்கு முன்பே நிய்யத் வைத்துவிட்டால் அது செல்லும், அதில் அபராதம் எதுவும் இல்லை. பிந்தினால்தான் வில்லங்கம். தூக்கத்தை நம்ப முடியாதவர்கள் இன்னும் முன்பாகவே வைத்துக்கொள்ளட்டும். துபாய், மஸ்கட் வழியாக வருபவர்களும் இரண்டாவது விமானத்தில் இதே 45 நிமிடக் கணக்கைப் பின்பற்றலாம். முதலில் மதீனா போய்விட்டுப் பிறகு மக்கா வருகிறவர்களுக்கு இந்தப் பதற்றமே இல்லை. மதீனாவுக்கு வெளியே துல்ஹுலைஃபாவில், இன்றைய பேச்சில் பீர் அலீயில், இறங்கி நிதானமாக நிய்யத் வைக்கலாம். முதியவர்கள் அதிகமுள்ள குழுக்களுக்கு நாம் இந்த வரிசையையே சிபாரிசு செய்கிறோம்.

இனி நோன்பும் தொழுகையும். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையில் 41 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். சூரியன் ஒரு டிகிரி நகர நான்கு நிமிடம் ஆகும். ஆகவே சென்னையில் மறைந்த சூரியன் ஜித்தாவில் மறைய 164 நிமிடம், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். கடிகாரங்களின் வித்தியாசம் இரண்டரை, சூரியனின் வித்தியாசம் இரண்டே முக்கால். ஃபர்ளுகள் சூரியனைத்தான் பார்க்கின்றன.

ரமளானில் நோன்போடு பிற்பகல் 2.30 விமானத்தில் ஏறுகிறவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் மூன்றாம் வாரத்தில் சென்னையில் ஸஹர் முடிவு காலை ஐந்து மணியளவில். ஊரில் இருந்திருந்தால் மாலை 6.21 வாக்கில் நோன்பு திறந்திருப்பார். ஜித்தாவில் சூரியன் மறைவது சவூதி நேரம் 6.35 வாக்கில், நம் நேரத்தில் இரவு 9.05. பதின்மூன்றேகால் மணி நேர நோன்பு பதினாறு மணி நேரமாகிவிடும். கைக்கடிகாரத்தில் 6.21 ஆனதும் பேரீச்சம்பழத்தை வாயில் போடக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கீழே தரையில் மஃரிப் ஆகிவிட்டது என்று விமானப் பணியாளர் சொன்னாலும், பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் இன்னும் கால் மணி நேரம் தெரிந்துகொண்டிருக்கும். தம் கண்ணுக்கு அது மறையும் வரை அவர் காத்திருக்க வேண்டும்.

பயணிக்குத்தானே நோன்பை விடச் சலுகை இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் ஃபஜ்ரு நேரத்தில் ஊரில் இருந்து நோன்பைத் தொடங்கிவிட்டு, பகலில் பயணம் புறப்பட்டவர் அன்றைய நோன்பைப் பயணத்தைக் காரணம் காட்டி முறிக்க முடியாது. ஃபஜ்ருக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியவருக்கே அந்தச் சலுகை. இதனால் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இருவருக்குச் சட்டம் வேறுபடும். மண்ணடியில் வீடு உள்ளவர் ஃபஜ்ரின்போது உள்ளூர்வாசி, அவர் நோன்பைத் தொடர வேண்டும். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ முந்தின இரவே பஸ் ஏறியவர் ஃபஜ்ரின்போதே பயணி. அவர் நோன்பு வைக்காமல் பின்னால் களா செய்யலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள், பதினாறு மணி நேரத்தை உடம்பு தாங்குமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அது நோயாளியின் சலுகை, பயணியின் சலுகை அல்ல.

அதே விமானத்தில் அஸர் தொழுகையை மேலேயேதான் தொழுதாக வேண்டும். 6.00 மணிக்கு இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் 6.35 ஆகிவிடும். 'ஜித்தா போய்த் தொழுதுகொள்ளலாம்' என்று விட்டவர்கள் அஸரைக் களா ஆக்கியதை நாம் பார்த்திருக்கிறோம். கிப்லா எங்கே என்று தேட வேண்டிய சிரமம் இந்தப் பாதையில் குறைவு. சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து பதினெட்டு டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது, ஜித்தாவும் அதே திசையில்தான். விமானத்தின் மூக்கு வழிநெடுக ஏறத்தாழ மக்காவை நோக்கியே இருக்கும். பாதை வளைந்திருக்கிறதா என்று திரையில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். திரும்பும்போது கிப்லா வால் பக்கம். சமையலறைப் பக்கத்து இடைவெளியில் பணியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் நிற்க இடம் கொடுப்பார்கள்.

இறங்கிய பிறகு நடப்பதைப் பயண நேரத்தில் யாரும் சேர்ப்பதில்லை. ஜித்தாவிலிருந்து மக்கா சாலை வழியில் சுமார் 90 முதல் 100 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் ஓடும் ஹரமைன் அதிவேக ரயிலுக்கு விமான நிலையத்திலேயே நிலையம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம், ஆனால் குழுவாகப் போகிறவர்களுக்குப் பெட்டிகளோடு அது தோதுப்படுவதில்லை. ஹஜ் காலத்தில் இறங்குகிறவர்கள் கூடாரங்கள் போன்ற வெள்ளைக் கூரைகளின் கீழ் காத்திருப்பார்கள். 1981இல் திறக்கப்பட்ட அந்த முனையத்தின் கூரைக்குப் பின்னால் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் மூளை இருக்கிறது. அதற்கு 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அங்கே பல மணி நேரம் உட்கார நேர்ந்தால் அண்ணாந்து பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து மக்கா விடுதி வரை மொத்தம் எவ்வளவு நேரம் என்று கேட்டால், சென்னைவாசிக்குப் பதினான்கு மணி நேரம் என்று சொல்வோம். அதில் பறப்பது ஆறுதான்.

திரும்பும் இரவு விமானத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போகும்போது சூரியனைத் துரத்திக்கொண்டு போனோம், அதனால் பகல் நீண்டது. திரும்பும்போது சூரியன் எதிரே வருகிறது, இரவு சுருங்குகிறது. மார்ச் மூன்றாம் வாரத்தில் ஜித்தாவில் ஃபஜ்ரு சுமார் 5.13க்கு. நள்ளிரவு 12.30 விமானத்தில் ஏறும்போது, ஜித்தாவில் இருந்த பழக்கத்தில் பலர் கைபேசியில் ஐந்து மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். ஆனால் அந்த விமானத்துக்கு ஃபஜ்ரு உதிப்பது சவூதி நேரம் 3.40 வாக்கில், அரபிக் கடலின் மேல். சூரியன் உதிப்பது 4.25 வாக்கில். தரையில் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும் ஃபஜ்ரு வக்து விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கிவிடுகிறது. உயரத்தில் சூரியன் முன்கூட்டியே தெரிவதால் கடைசி நிமிடம் வரை காத்திருக்கவும் முடியாது. அலாரம் அடிக்கும்போது ஜன்னல் மூடியைத் தூக்கினால் வெயில் கண்ணைக் கூசும். உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் முதல் ஃபர்ளே களா.

விமானப் பயன்முறையில் இருக்கும் கைபேசியின் தொழுகை நேரச் செயலி, கடைசியாக இருந்த ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். நாம் செய்வது இதுதான்: விமானம் கிளம்பி மூன்று மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்வோம். எழுந்து உளூச் செய்துவிட்டு, இடப்பக்க ஜன்னலோரத்தில் இருப்பவரிடம் சொல்லி மூடியைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, முன்பக்க வானத்தின் அடியில் வெள்ளைக் கோடு குறுக்காகப் படர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.